பெயர் ஏழு, வழி பதினாறு

ஏற்காடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே? ஐப்பசி மழை விட்டபாடில்லை. சேலத்திலிருந்து வரும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறி வருகிறது. தோட்டத்தில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் கணக்கை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது, எழுதிக் காட்ட வேண்டும். அதனால்தான் கடிதம்.

நீ படம் பிடித்து அனுப்பிய பேரனின் பயிற்சித் தாள்களை வரி விடாமல் பார்த்தேன். "மற்றதெல்லாம் நன்றாகப் போடுகிறான், நிகழ்தகவில் மட்டும் தடுமாறுகிறான். தினமும் இருபது கணக்கு கூடுதலாகப் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. தப்பான வழியில் இருபது கணக்குப் போட்டால் அந்த வழிதான் கையில் படியும்.

அவன் எங்கே சறுக்குகிறான் என்பது தாளிலேயே தெரிகிறது. பையில் 5 சிவப்புக் கோலி, 3 நீலக் கோலி, ஒன்றை எடுத்தால் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன என்றால் 5/8 என்று எழுதியிருக்கிறான். பகடையில் இரட்டை எண் விழ 1/2. ஒற்றை நிகழ்ச்சியில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு சேர்ந்து வந்ததும்தான் தடம் மாறுகிறது. நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு கேட்டதற்கு, 1/2 + 1/2 = 1 என்று போட்டிருக்கிறான். 1 என்றால் கட்டாயம் நடந்தே தீரும் என்று பொருள். இரண்டு முறையும் பூ விழுந்ததை அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லையா என்ன? கோலியைத் திரும்பப் போடாமல் இரண்டு எடுக்கும் கணக்கில், இரண்டும் சிவப்பாக இருக்க 5/8 × 5/8 என்று பெருக்கியிருக்கிறான். தாளின் ஓரத்தில் "அல்லது என்றால் கூட்டு, மற்றும் என்றால் பெருக்கு" என்று அவன் கையெழுத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அவன் இப்போதைக்கு மறக்க வேண்டும்.

நம் பாடத்திட்டத்தில் நிகழ்தகவு ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. வழிகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் மர வரைபடமும் கூட்டல் தேற்றமும் பத்தில்தான். அங்கே அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஏழாம் வகுப்பிலேயே, இரண்டு சேர்ந்து வரும் கூட்டு நிகழ்ச்சிகளைத் தொட்டுவிடுகிறார்கள். அது சீக்கிரம் என்று நான் சொல்ல மாட்டேன். உயர்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: விளையாட்டில் கை ஊறியிருக்கும் அந்த வயதுதான் இதற்குச் சரியான வயது. ஆனால் விளையாட்டைக் கொடுக்காமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் ஏழாம் வகுப்பிலும் புரியாது, பத்தாம் வகுப்பிலும் புரியாது. என்னென்ன நடக்கலாம் என்பதை ஒன்று விடாமல் தாளில் எழுதி முடிக்கும்வரை பேரன் கூட்டவும் கூடாது, பெருக்கவும் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நீ கண்டிப்பாக இரு.

முதலில் நாணயக் கணக்கு. தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ. நான்கு வழிகள், நான்கும் சமவாய்ப்பு. அவற்றில் மூன்றில் தலை இருக்கிறது. எனவே விடை 3/4. எழுதிய பிறகு இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுதாமல் யோசித்தால் பெரியவர்களும் தவறுவார்கள் என்று அவனிடம் சொல். பிரான்ஸில் தாலம்பேர் என்று பெரிய கணித மேதை இருந்தார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஆகவே மொத்தம் மூன்றே வழிகள், விடை 2/3 என்று 1754-இல் வெளியான கலைக்களஞ்சியத்தில் அவர் எழுதினார். அந்த மூன்று வழிகளும் சம எடை உள்ளவை அல்ல என்பதை அவர் கவனிக்கவில்லை. முதல் சுண்டலில் தலை விழ 1/2, பூவும் அடுத்துத் தலையும் விழ 1/4, இரண்டும் பூ விழ 1/4. பேரனை ஊக்கப்படுத்த இதைவிட நல்ல சேதி எனக்குத் தெரியாது.

அடுத்து தாயம். உன் கல்யாணச் சீரோடு நான் வைத்து அனுப்பிய பித்தளைத் தாயக்கட்டை எங்கேயாவது பெட்டியில் கிடக்கும், தேடி எடு. இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. கட்டைக்கு நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு வெறும் பக்கம். இரண்டையும் உள்ளங்கையில் உரசி உருட்டினால் என்னென்ன விழும் என்று அவனைக் கேள். நம் வீட்டு ஆட்டப்படி தாயம் என்கிற ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஏழு பெயர்கள். "அப்படியென்றால் தாயம் விழ ஏழில் ஒன்றா?" என்று அடுத்த கேள்வியைப் போடு. ஆமாம் என்பான். மறுக்காதே. ஒரு கட்டையின் முனையில் மட்டும் குங்குமப் பொட்டு வைத்து அவன் கையில் கொடுத்துவிடு.

இப்போது எழுதட்டும். பொட்டுக் கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். பொட்டுக் கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தாலும் தாயம். இரண்டு வழி. பொட்டுக் கட்டைக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் மற்றதில் நான்கு, ஆக மொத்தம் 16. இதைத்தான் நாங்கள் கூறுவெளி என்கிறோம். கட்டம் போட்டு நிரப்பினால் மூன்று விழ 4 வழி, இரண்டு விழ 3, நான்கு விழ 3, தாயம் விழ 2, ஐந்து விழ 2, ஆறு விழ ஒன்றே ஒன்று, பன்னிரண்டு விழவும் ஒன்றே ஒன்று. கூட்டிப் பார், 16 வரும். தாயம் விழ 2/16, அதாவது 1/8. மறுபடி உருட்டும் உரிமை தரும் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்கையும் சேர்த்தால் 6/16. இங்கே கூட்டினோமே, ஏன்? ஒரே உருட்டலில் ஐந்தும் ஆறும் சேர்ந்து விழ முடியாது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்பதால் கூட்டலாம். நாணயக் கணக்கில் முதல் தலையும் இரண்டாம் தலையும் சேர்ந்து விழலாம், அங்கே அப்படியே கூட்டினால் தலை தலை என்ற வழியை இரண்டு தடவை எண்ணியதாக ஆகும். கூட்டும் விதியை இப்படி அவனே கண்டுபிடிக்க வேண்டும்.

"ரெண்டு கட்டையும் ஒரே மாதிரிதானே டீச்சர், எதுக்கு ரெண்டு தடவை எண்ணணும்?" என்று என் வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். அந்தக் கேள்வி வராத வகுப்பில் எனக்கு நிம்மதி இருக்காது, ஏனென்றால் யாரும் யோசிக்கவில்லை என்று பொருள். பேரனும் கேட்டால் உடனே விளக்கம் சொல்லிவிடாதே. 160 முறை உருட்டிக் கோடு கிழித்து எண்ணச் சொல். ஏழில் ஒன்று என்றால் தாயமும் மூன்றும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வராது. மூன்று 40-ஐ ஒட்டியும் தாயம் 20-ஐ ஒட்டியும் நிற்கும். 17 வரலாம், 24 வரலாம். சரியாக 20 வரவில்லையே என்று அவன் முகம் வாடினால், வந்தால்தான் ஆச்சரியம் என்று சொல். உருட்டும் எண்ணிக்கை கூடக் கூட விகிதம் எட்டில் ஒன்றை நெருங்கும்.

இதிலிருந்தே பெருக்கலும் வரும். மூன்று உருட்டலில் ஒரு தாயமாவது விழ நிகழ்தகவு என்ன? தாயம் விழும் வழிகளை நேராக எண்ணப் புகுந்தால் தலை சுற்றும். விழாத வழியைப் பார்க்கட்டும். ஒருமுறை விழாமல் இருக்க 7/8. முதல் உருட்டல் எப்படி விழுந்தது என்பது இரண்டாவது உருட்டலின்போது கட்டைக்குத் தெரியாது, ஆகவே மூன்று முறையும் விழாமல் இருக்க 7/8 × 7/8 × 7/8, அதாவது 343/512. ஒருமுறையாவது விழ 169/512, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. "இத்தனை நேரம் விழவில்லை, இனி விழுந்தே ஆகும்" என்று உன் சித்தப்பா ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்வார், அதற்குக் கணக்கில் இடமே இல்லை.

கோலிக் கணக்கில் மட்டும் பைக்குத் தெரியும். முதல் கோலி வெளியே போய்விட்டதால் உள்ளே இருப்பது ஏழு. கோலிகளுக்கு 1 முதல் 8 வரை எண் ஒட்டச் சொல். முதலில் எடுக்க 8 வழி, அடுத்து எடுக்க 7 வழி, மொத்தம் 56. இரண்டும் சிவப்பாக 5 × 4 = 20. விடை 20/56, சுருக்கினால் 5/14. திரும்பப் போட்டால் மட்டுமே 25/64. மர வரைபடம் வரையும்போது இரண்டாம் கிளையில் 4/7 என்று அவன் கை தானாக எழுத வேண்டும். அதுவரை அடுத்த பயிற்சிக்குப் போகவேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. எழுதி எண்ணுவதெல்லாம் வழிகள் சமவாய்ப்பாக இருந்தால்தான் செல்லும். "மழை வரும், இல்லை வராது, இரண்டுதானே, அப்போது பாதிக்குப் பாதி" என்று யாராவது சொன்னால் இந்த மாதத்தில் ஏற்காட்டுக்கு வந்து குடையில்லாமல் நடந்து பார்க்கட்டும். அப்படிப்பட்ட இடங்களில் நடந்ததை எண்ணித்தான் நிகழ்தகவைக் கண்டுபிடிக்க முடியும். டிசம்பர் விடுமுறையில் நீங்கள் வரும்போது இங்கே பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சிவந்த காப்பிப் பழத்தைக் கட்டைவிரலால் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டியபடி வெளியே வரும். சில பழத்தில் மட்டும் உருண்டையாக ஒற்றைக் கொட்டை இருக்கும். காப்பித்தூள் கடையில் பீபெரி என்று தனியாக விலை சொல்கிறார்களே, அதுதான். பொதுவாக நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவில் வரும், செடிக்குச் செடி மாறும். ஒரு கூடைப் பழத்தைக் கலந்துவிட்டு நூறு எடுத்துப் பிதுக்கட்டும், தன் கையாலேயே நிகழ்தகவைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு, "இரண்டு பழம் எடுத்தால் இரண்டும் பீபெரியாக இருக்க?" என்று தாத்தா கேட்பார். பிள்ளையின் விரலெல்லாம் பிசுபிசுக்கும், அதற்காக நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. அவன் காதுபட "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல். ஒற்றை நிகழ்ச்சியை இவ்வளவு தெளிவாகப் போடுகிற பிள்ளைக்கு இரண்டாவது படி எட்டாததல்ல. அவசரப்படாமல் எழுதப் பொறுமை வேண்டும், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ இரு. இராத்திரி அரைமணி நேரம் போதும்.

அவனுக்கு ஒரு கணக்கு அனுப்புகிறேன். 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் இதைப் பற்றித்தான் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றதே அந்தக் கடிதங்களில்தான். தாத்தாவும் பாட்டியும் தாயம் ஆடுகிறார்கள். இருவரும் சம பலம். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு 64 கடலை மிட்டாய். தாத்தா இரண்டு ஆட்டம், பாட்டி ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கும்போது மின்சாரம் போய்விட்டது, ஆட்டம் அதோடு நின்றது. மிட்டாயை எப்படிப் பிரித்தால் நியாயம்? நீ உதவி செய்யாதே. விடை மட்டும் போதாது, அடித்துத் திருத்திய தாளையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா