வடநெம்மேலி முதலைப் பண்ணைத் தம்பிக்கு நன்றி

போன ஞாயிறு வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அல்டாப்ரா ஆமைகளைப் பராமரித்துக்கொண்டிருந்த தம்பிக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

200 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய ஆமை இனம் அது. நான் ஓட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுதான் கேட்டேன். "ஓடு வேண்டாம்க்கா, கழுத்தடியில மெதுவா தடவுங்க" என்றார். தடவினேன். அந்த ஆமை நான்கு கால்களையும் ஊன்றி மெல்ல எழும்பி, கழுத்தை முழுக்க நீட்டி, அப்படியே அசையாமல் நின்றது! எத்தனையோ விலங்குக் காட்சி சாலைகளுக்குப் போயிருக்கிறேன், ஒரு விலங்கு என்னை இவ்வளவு நம்பி நின்றதில்லை. கலாபகஸ் தீவுகளில் குருவிகள் உண்ணி பொறுக்க வரும்போது ராட்சத ஆமைகள் இப்படித்தான் எழுந்து நின்று இடம் கொடுக்கும் என்று அவர்தான் விளக்கினார். அது கழுத்தை உள்ளே இழுத்ததும், "போதும்க்கா, அதுக்குப் பிடிக்கல" என்று நிறுத்தவும் சொன்னார். அந்த அக்கறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம், ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்று என் மகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தார்.

தம்பி, மனமார்ந்த நன்றி. அவரைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள்.