956-ஐ வெட்டப் போறேன், அண்ணா

அண்ணா,

பெட்டியைப் பிரிச்சாச்சு. நீங்க விட்டுட்டுப் போன போர்ஷே 956 பந்தயக் காரோட 1/24 பிளாஸ்டிக் மாடலை, அதுக்கு அடுத்து வந்த 962C ஆக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பிரான்ஸ்ல நடக்கிற லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குள்ள முடியுமான்னு கேக்காதீங்க, முடியாது.

கணக்கு உங்களுக்கு மனப்பாடம். கூடப் படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: 956-க்கு வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல இருக்கிற தூரம், 2650 மில்லிமீட்டர், 962-க்கு 2770. ஓட்டுறவர் பாதம் முன் அச்சுக்குப் பின்னால இருக்கணும்னு அமெரிக்காவுல இம்சாங்கிற கார் பந்தய அமைப்போட அப்போதைய விதி. அதுக்காக 1984-ல போர்ஷே முன் சக்கரத்தை 120 மில்லி முன்னால தள்ளுச்சு. 1/24-ல அது 5 மில்லி. மொத்த நீளம் ஏறக்குறைய அதேதான், மூக்குதான் குட்டையாச்சு. கதவு, கூரை, வால் எதையும் தொட வேண்டியதில்ல.

நீங்க இதை வெட்ட உக்காந்த அன்னிக்குக் கரண்ட் போய், எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல வழிமுறைத் தாள் ஓரமா பென்சில்ல ரெண்டு கோடு போட்டீங்க. ஒண்ணு கதவு விளிம்புக்கும் சக்கர வளைவுக்கும் நடுவுல, இன்னொண்ணு வளைவுக்கு முன்னால. ரம்பத்தை எடுத்து பாடி மேல வெச்சீங்க. ஒரு இழுப்பு இழுத்தா போதும். இழுக்கல. ரம்பத்தைத் துடைச்சு உறையில போட்டுட்டு, "இது இப்படியே இருக்கட்டும்டா"ன்னீங்க. உங்க கை அவ்வளவு நிதானமா இருந்து நான் பாத்ததில்ல.

இருக்கட்டும்னு சொல்லிட்டு ஆள் போயிரலாம். வீட்டுல இருக்கிறவன்தான் தூசி தட்டணும். அதுக்கப்புறம் நடந்ததை இங்க எழுதல, அத்தையும் இதைப் படிக்கிறாங்க.

மன்னிச்சுக்குங்க. ஆனா சும்மா வெச்சிருந்தா மட்டும் அது பத்திரமா இருந்திருக்குமா? டயர் படுத்துக் கிடந்த இடத்துல பிளாஸ்டிக் உருகிப் பள்ளமாயிருச்சு. மெது வினைல்ல இருந்து கசியற எண்ணெய், பாடி செஞ்சிருக்கிற ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னுரும். டயரைத் தனிக் கவர்ல போட்டு வெச்சிருக்கணும்.

உங்க ரெண்டு கோட்டையும் அப்படியே எடுத்துக்கறேன், ஒரு திருத்தத்தோட. ரம்பம் கால் மில்லி தின்னும். அதனால பின் வெட்டுல சொருகற துண்டு 5 இல்ல, 5.25. ஸ்டைரீன் ஷீட்டுல 2, 2, 1, 0.25 மில்லின்னு நாலு தகடு ஒட்டி, ஒரு வாரம் காய விடணும். அவசரப்பட்டு அரத்தைப் போட்டா, உள்ள மாட்டின கரைப்பான் மெதுவா வெளியேறி, பெயின்ட் அடிச்ச பிறகு அந்தக் கோடு அமுங்கித் தெரியும்.

முன் வெட்டுலதான் வம்பு. அங்க 5 மில்லி பட்டையை எடுத்துரணும், ஆனா மூக்கு சரிவு. எடுத்துட்டுச் சேத்தா ரெண்டு விளிம்பும் உயரம் ஒத்துப்போகாம படி விழும். மூக்கைத் தூக்கி ஒட்டிச் சமாளிக்கவே கூடாது, முன் விளிம்பு தரையை விட்டு எழும்பிரும். தாழ்ந்த பக்கத்துல ஃபெவிக்விக்கும் ஆப்ப சோடாவும் போட்டு ஏத்தி, ஒரு மணி நேரத்துக்குள்ள அரத்துல இறக்கிரணும். விட்டா அது பிளாஸ்டிக்கைவிடக் கல்லாயிரும், அரம் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான் சீவும். உள்பக்கம் எம்-சீல். மேல பட்டி மெல்லிசா, அப்புறம் வாட்டர் பேப்பர் 400, 800, 1200.

அடித்தட்டையும் அதே கோட்டுல வெட்டி, 1 மில்லி பித்தளைக் கம்பியை ஊசியாச் சொருகணும், இல்லைன்னா தூக்கும்போதே மடங்கும். பெடலை நகத்தாதீங்கன்னு நீங்க சொன்னது சரிதான். அச்சு மட்டும் முன்னால போகுது, ஆள் அங்கேயேதான் உக்காந்திருக்கார். கண்ணாடி மேல நிறுத்தி வெர்னியர்ல பாத்தா அச்சுக்கு அச்சு 115.4 வரணும், இடமும் வலமும் தனித்தனியா. ஒரு பக்கம் அரை மில்லி தள்ளினாலும் கார் கோணலா நிக்கும்.

பெயின்ட் இப்ப வேண்டாம். இங்க கொழிஞ்சாம்பாறையில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசற மாசத்துல அடிச்சா தூசி ஒட்டும், மழைக்காலத்துல லேக்கர் வெளுத்துப் பால் பூத்துரும். நடுவுல கிடைக்கிற நாலு நல்ல நாளுக்குக் காத்திருக்கணும். காத்திருக்கறதுல இந்த வீட்டுல எனக்குத்தான் பழக்கம்.

1986 லெ மான்ல ஜெயிச்ச காரைத்தான் செய்யறேன்: ஓட்டினவங்க பெல், ஸ்டக், ஹோல்பெர்ட். 1982-ல ஜெயிச்ச 956-க்கும் எண் 1, இதுக்கும் எண் 1. எண் வட்டத்தை மாத்த வேண்டாம், பேரு மட்டும் மாறும், அதுலயும் பெல் ரெண்டுலயும் இருக்கார். ஆனா அந்த எண்ணும் பேரும் அச்சடிச்ச டீகால் ஸ்டிக்கர் தாள் உங்ககிட்ட இருக்கு. ஸ்பான்சர் பண்ணின சிகரெட் பேர் போட்ட தாள் இப்ப வர்ற பெட்டிகள்ல பொதுவா இருக்கறதில்ல. பெட்டியை விட்டுட்டுத் தாளை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போனீங்கன்னு நான் கேக்கல.

மஞ்சளாயிருந்தாப் பரவாயில்ல, ஜன்னல் கண்ணாடியில வெச்சா வெயில்ல வெளுக்கும். வெடிச்சிருந்தா மேல டீகால் ஃபிலிம் ஒரு பூச்சு போட்டுக்கறேன். மடிக்காம ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு, ஈரம் உள்ள போகாத கவர்ல போட்டு அனுப்புங்க. கூரியர் செலவு நான் தர்றேன்.