மீனை அளந்த கணக்கை ஏலக்கூடத்தில் எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் எனக்கு வழக்கமாகச் சூடை மீன் கொடுக்கும் அக்கா போன வாரம் ஏலக்கூடத்தில் போனை நீட்டி, "ஏந் தம்பி, நீ எக்ஸ்ரே எடுத்த ஆளுதானே, இது நெசமா?" என்று கேட்டார். கூடங்குளத்தில் கசிவாம், மன்னார் வளைகுடா மீனைத் தின்னக்கூடாதாம், வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. தேதி கிடையாது, யார் சொன்னது என்றும் கிடையாது, அடியில் 'அனைவருக்கும் பகிரவும்' மட்டும் இருந்தது. பொய்க்கா, யாரோ கிளப்பி விட்டது என்றேன். "பொய்யின்னா நெசத்தை எங்க எழுதி வச்சிருக்காக?" என்று அவர் திருப்பிக் கேட்டார் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் ஒரு வியாபாரி அதே செய்தியைக் காட்டி, கூடைக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அணு விஞ்ஞானி இல்லை. இந்த மாவட்டத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகப் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கதிர்வீச்சோடு எனக்கிருந்த பழக்கம் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு டிஎல்டி பேட்ஜ் அளவுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு அட்டையில் மூன்று வில்லைகள். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அந்த வில்லைகள் பிடித்து வைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சூடாக்கி, வரும் ஒளியை வைத்து அளவு சொல்வார்கள். எங்கள் சென்டரில் என்ன நடந்தது என்றால், பாதி நாள் அந்தப் பேட்ஜ் முதலாளியின் மேசை டிராயரில் கிடக்கும், தொலைந்தால் காசு போகும் என்று. மீதி நாள் எக்ஸ்ரே ரூம் சுவர் ஆணியிலேயே தொங்கும், அங்கே அது அளந்தது என்னையல்ல, சுவரை! ரிப்போர்ட் வரும், ஃபைலில் போகும், என் கணக்கு எவ்வளவு என்று வேலையை விட்டு வருகிற வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. தொழிலாளி தன் பதிவேட்டைப் பார்க்க 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் இடமிருக்கிறது என்பதே ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்த ஸ்கேன் சென்டரைக் கண்காணிக்க வேண்டிய அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் கண்காணிக்கிறது. 2012-இல் மத்திய தணிக்கைத் துறை அந்த வாரியத்தைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் பதிவு செய்தவை 5,270 மட்டுமே என்று அதில் இருந்தது, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பதிவே இல்லை. அபராதம் யாரையும் மிரட்டாத அளவுக்குச் சிறியது, விதிகளை இயற்றும் அதிகாரமும் வாரியத்துக்கு இல்லை என்றும் சொன்னார்கள். அணு உலையைப் பார்ப்பதுபோல எக்ஸ்ரே ரூமைப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், உலையில் கெடுபிடி ரொம்ப அதிகம். சின்ன இடத்தில் கைவிட்டவர்களைப் பெரிய இடத்தில் அப்படியே நம்பச் சொன்னால் கொஞ்சம் யோசனை வரத்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய சிக்கல், யாருக்குக் கீழே யார் என்பது. 1983 நவம்பரில் அமைத்ததிலிருந்து வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குத்தான் பதில் சொல்லி வந்தது, அந்த ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை நடத்தும் கழகமும் அந்தத் துறைக்குக் கீழேதான். மாமனார் வீட்டுக் கணக்கை மருமகன் தணிக்கை செய்த மாதிரி! மருமகன் நல்லவராகவே இருக்கட்டும், ஊர் நம்ப வேண்டுமே. ஜப்பானிலும் கண்காணிப்பு அமைப்பு, அணு மின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேதான் இருந்தது. 2011-இல் ஃபுகுஷிமா வெடித்த பிறகே, 2012-இல் அதைப் பிரித்துத் தனி ஆணையமாக்கினார்கள். இங்கே 2011-இல் கொண்டுவந்த தனி ஆணைய மசோதா 2014-இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. 2015-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு வந்து பார்த்துவிட்டு, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஒருவழியாக 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டம் என்ற புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது. சரி, நல்லது. ஆனால் அதே சட்டம் அணுமின் தொழிலில் தனியாருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. என் முதலாளியும் தனியார்தான். பேட்ஜை டிராயரில் பூட்டியவர் கெட்டவர் இல்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அவசரகாலத் திட்டமெல்லாம் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குத்தான், அதனால் எங்களிடம் யாரும் ஒத்திகை நடத்தப் போவதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. கடலும் வதந்தியும் 16 கிலோமீட்டரில் நிற்காது, அதுதான் பிரச்சினை. இங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கஞ்சிப்பாசி எடுக்கிறார்கள், நாட்டுப்படகுக்காரர்கள் தீவுகளை ஒட்டி வலை விடுகிறார்கள். மீன் விற்காமல் போனால் ஒரு வாரம் தாங்காத வீடுகள் இவை.

அளவெடுப்பு நடக்காமல் இல்லை. ஒவ்வொரு அணுமின் நிலையத்தோடும் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு. மீன், கடல்நீர், மணல், பால், காய்கறி எல்லாம் எடுத்துச் சோதிக்கிறார்கள். அதை நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம், அதுவும் அதே அணுசக்தித் துறைதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உலையால் பொதுமக்களுக்கு வரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, உள்ளே வேலை செய்பவருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியில் 20, எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் கூடாது. இந்த எண்களும் முடிவுகளும் மும்பையிலிருந்து ஆண்டறிக்கையில் வருகின்றன, ஏலக்கூடத்தில் அதைப் படிப்பவர் யார்? மீனில் இயற்கையாகவே பொட்டாசியம்-40, பொலோனியம்-210 என்ற கதிர்வீச்சுப் பொருட்கள் கொஞ்சம் இருக்கும், அணு உலை இல்லாத கடலிலும் இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்காமல் வெறும் எண்ணை மட்டும் போட்டால், அடுத்த வாட்ஸ்அப் செய்திக்கு அதுவே தீனியாகிவிடும்.

என் கோரிக்கை சின்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரைகளில் இறங்கும் மீனில் நாலைந்து வகையை எடுத்து, அணுசக்தித் துறையைச் சேராத ஒரு ஆய்வகத்தில் கொடுத்து அளக்க வேண்டும். எந்தத் தேதியில் எடுத்தது, யார் அளந்தது, இயற்கையாக இருப்பது எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்று தமிழில் ஒரு பலகையில் எழுதிப் போட வேண்டும். புதிய அதிகாரம் கையில் வந்திருக்கும் வாரியம் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம், மீன்வளத் துறை கூட நின்றால் போதும். அப்புறம், கூடங்குளத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிற பையன்களுக்கும் அவரவர் பேட்ஜ் கணக்கைக் கேட்காமலேயே கையில் கொடுக்கட்டும்.

மண்டபத்தில் பலகைக்கு இடம் பார்த்துவிட்டேன். ஐஸ் விலையைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கும் பலகைக்கு இடப்பக்கம் சுவர் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)