சில்லு விளையாட்டுக்குப் போன சீனப் பீங்கான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராயர் கால்டுவெல் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலைப் புகழ்வதோடு நின்றுவிட்டது. பெரியபட்டினத்துக்காரனான எனக்கு அது குறையாகவே பட்டது.

அயர்லாந்தில் 1814இல் பிறந்து, 1838இல் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல், பின்னர் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிக் குருப்பட்டம் பெற்று, பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து இடையன்குடித் தேரிக்காட்டில் குடியேறினார். சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயராக (அந்நாளில் அத்தியட்சர் என்பார்கள்) அவர் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றது 1877இல். பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய சிறுநூல் அம்மக்களைப் புண்படுத்தியது என்பதையும் கட்டுரையாளர் மறைத்திருக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது 1870களில் அவர் தாமிரபரணிக் கழிமுகப் பகுதியில், பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையிலும் பழையகாயலிலும் செய்த வேலையைப் பற்றி. கொற்கையில் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்கடியில் கிடைத்த கடற்சிப்பிகளைக் கொண்டு, தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிவிட்டதால்தான் அத்துறைமுகம் உள்நாட்டு ஊரானது என்று விளக்கினார். பழையகாயலில் சில மைல் தூரம் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளையும் அரபு மட்கலத் துண்டுகளையும் பார்த்து, மார்க்கோ போலோ எழுதிய துறைமுகம் இதுவே என்றார். நம் தனுஷ்கோடியையும் அவர் விடவில்லை. பழங்கால கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்த 'கோரு' என்பது தமிழ்க் 'கோடி'யே என்று கண்டார். தெருக்கோடி என்று நாம் தினமும் சொல்லும் அதே கோடிதான்.

அவர் காயலில் கண்டதைப் போன்ற சீனப் பீங்கான் துண்டுகள் எங்கள் ஊரிலும் 1980களின் அகழாய்வில் வெளிப்பட்டன. அதற்கு வெகுகாலம் முன்பே, தென்னந்தோப்பில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் பச்சை மெருகோடிய துண்டுகளை என் அக்காமார் தாவணி முந்தியில் முடிந்து வந்து, ஓட்டாஞ்சில்லை விட நன்றாக வழுக்குகிறதென்று சில்லு விளையாடினார்கள். அவற்றின் அருமை எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காயலில் குனிந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது கொற்கை, காயல் ஆய்வுகளையும் சேர்த்து எழுதச் செய்ய வேண்டுகிறேன். படம் தேவையெனில், தாமரை இதழ் போலக் கோடு கீறிய துண்டு ஒன்று என் வீட்டு ஜன்னல் திண்டில் இருக்கிறது, எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.