செயலாளரின் ஆண்டறிக்கை: பெயர் வெளிவராத மலை அந்துப்பூச்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கடந்த ஆண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு முறைப்படி கூடியது. சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு முழுவதும் நம் நேரத்தை விழுங்கியது மலைமுகட்டு முகாமில் கிடைத்த அந்தச் சாம்பல் நிற அந்துப்பூச்சிதான்.

அமாவாசையை ஒட்டிய இரவில், வெள்ளைத் துணி கட்டி மெர்குரி விளக்கு ஏற்றியபோது வந்து உட்கார்ந்தது. ஜியோமெட்ரிடே (புழுக்கள் முதுகை வளைத்து அளந்து நடக்கும் அந்துப்பூச்சிகள்) குடும்பம். முன்சிறகின் குறுக்கே ஒரு கரும்பட்டை, நடுவில் அறுந்து மீண்டும் தொடர்கிறது. அதைப் பார்த்ததுமே புது இனம் என்று கைதட்டியவர்கள் உண்டு. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே சிறகுக் கோலம் மாறும். செதில் உதிர்ந்தால் அடையாளமே போய்விடும்.

எனவே வயிற்றைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தோம். ஆணின் பற்றுறுப்பின் உள்விளிம்பில், நெருங்கிய இனங்கள் எதிலும் காணாத ஒரு முள், நுனி உள்நோக்கி வளைந்து நிற்கிறது. நம் வாதம் முழுவதும் அந்த முள்ளின் மேல்தான் நிற்கிறது. கால் திசுவிலிருந்து எடுத்த டிஎன்ஏ பார்கோடும் (இனத்தை அடையாளம் காண உதவும், 658 எழுத்து நீளமுள்ள மரபணுப் பகுதி) இது தனி இனம் என்பதோடு ஒத்துவருகிறது. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அண்மையில் பிரிந்த இனங்களுக்குப் பார்கோடு ஒன்றாகவே இருப்பதுண்டு.

அலுப்பூட்டிய வேலை பழைய பெயர்களைச் சரிபார்த்ததுதான். விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பு தொடங்கி இதுவரை யாரேனும் இதே பூச்சிக்குப் பெயர் வைத்திருந்தால், முந்தைய பெயரே செல்லும். அருங்காட்சியகங்களிலுள்ள மூல மாதிரிகளின் படங்களைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டோம். சிலவற்றுக்கு வயிறே இல்லை. அவற்றை வைத்து யார் எதை நிரூபிப்பது?

பெண் பூச்சி இன்னும் கிடைக்கவில்லை. குளிர் மலைகளில் சில ஜியோமெட்ரிடே இனங்களின் பெண்களுக்குச் சிறகு குறுகிப் பறக்க முடியாமல் போகும். அப்படியானால் விளக்கடியில் காத்திருந்து பயனில்லை, மரத்தண்டுகளில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். பெண் கிடைக்கும்வரை பொறுக்கலாம் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். ஹோலோடைப்பாக (புதிய இனத்தின் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரியாக) ஒரு நல்ல ஆண் மாதிரி போதும் என்பதால், கட்டுரையை இதழுக்கு அனுப்பச் செயற்குழு முடிவு செய்தது. முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஹோலோடைப்பை நம் அலமாரியில் வைத்துக்கொள்ளும் ஆசையைக் கைவிட்டு, பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்கிறோம்.

பெயர் என்ன என்று பலரும் கேட்கிறீர்கள். விளக்கவுரையோடு முறைப்படி வெளியாகும் வரை அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. மின்னிதழில் வெளியிடுவதை 2012 முதல் விலங்குப் பெயரிடல் விதிகள் ஏற்கின்றன. அதற்கு ஸூபேங்க் என்னும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். ஆகவே இந்த அறிக்கையில் பெயரை அச்சிடவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். நன்கொடையாளர் ஒருவர் தம் பெயரைச் சூட்டக் கேட்டதையும் பணிவுடன் மறுத்துவிட்டோம்.

வரும் பருவத்தில் பெண் பூச்சி தேடும் முகாமுக்கு ஆட்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்