முழங்கை வலிக்குக் காலைப் பாருங்க

அன்புள்ள அக்காவுக்கு,

டென்னிஸ் வகுப்பில் சேர்ந்து ரெண்டு வாரத்திலேயே முழங்கைக்கு வெளிப்பக்கம் வலிக்குது, 42 வயசில் இது தேவைதானான்னு கேட்டிருக்கீங்க. தேவைதானுங்கக்கா. வயசு மேல பழியைப் போட்டுட்டு நிறுத்திராதீங்க. கால் பிந்தி வருது, அந்தக் கடனைக் கை கட்டுது.

புதுசா ஆடுறவங்க நின்ன இடத்திலேயே நின்னு கையை நீட்டுவாங்க. பந்து இடுப்பைத் தாண்டின பிறகுதான் மட்டை படும். அப்போ தோள் சுத்த வழியில்லை, மணிக்கட்டை வெட்டித்தான் அடிக்கணும். மணிக்கட்டை மேலே தூக்குற தசைநார் முழங்கையோட வெளி எலும்பில்தான் ஒட்டியிருக்கு. அடியோட அதிர்வெல்லாம் அங்கே போய் இறங்கும். புறங்கைப் பக்கமா அடிக்கிற பேக்ஹேண்டை ஒத்தைக் கையால ஆடினா இது இன்னும் மோசம். நீங்க ரெண்டு கையாலயும் பிடிங்க.

எதிரில் இருக்கிறவர் பந்தை அடிக்கிற அதே நொடியில் ஒரு சின்னக் குதி குதிக்கணும். தரையை விட்டு ரெண்டு அங்குலம் எழுந்தாப் போதும். ரெண்டு காலும் தோள் அகலத்துக்கு விரிஞ்சு, முன்பாதத்தில் இறங்கணும். ஸ்ப்ளிட் ஸ்டெப்னு கோச் சொல்றது இதைத்தான். இறங்கினதும் தோளைத் திருப்புங்க, மட்டை தானாப் பின்னால போயிரும். பந்து நம்ம பக்கம் குத்துறதுக்குள்ள தோள் திரும்பியிருக்கணும். முன்காலுக்கு ஒரு சாணாவது முன்னால பந்து மட்டையில் படணும். பந்து தரையில் படும்போது "குத்து", மட்டையில் படும்போது "அடி"ன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. வெக்கமே வேண்டாம். சொல்லு பிந்தினா காலும் பிந்துதுன்னு அர்த்தம்.

மட்டையோட கைகுலுக்குற மாதிரிப் பிடிங்க. இறுக்கம் பத்துக்கு நாலு போதும். விரல் கணு வெளுத்திருந்தா பிடி அதிகம்.

பையனோட 305 கிராம் மட்டையை எடுத்துட்டுப் போகாதீங்க. 260 முதல் 280 கிராம், தலை 100 முதல் 105 சதுர அங்குலம் இருக்கிறதா வாங்குங்க. மட்டையில் கட்டுற நரம்பு பாலியெஸ்டர் வேண்டாம், அது விறைப்பு, கைக்கு ஆகாது. மெல்லிய இழை பலதைச் சேர்த்துச் செஞ்ச மல்டிஃபிலமென்ட் நரம்பை 50 பவுண்டு இழுவையில் போடச் சொல்லுங்க. ஓட்டப்பயிற்சி ஷூவில் பக்கவாட்டில் பாய்ஞ்சா கணுக்கால் மடங்கும், டென்னிஸ் ஷூவே போடுங்க.

பச்சைப் புள்ளி போட்ட பந்தைச் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்னு ஒதுக்காதீங்க. வழக்கமான பந்தைவிட சுமார் 25 சதவீதம் மெதுவா வரும். கால் போய்ச் சேர அந்த நேரம் போதும். மழையில் நனைஞ்ச பந்து கனக்கும், அதை மட்டும் தொடாதீங்க.

நம்ம கோயமுத்தூருக்கு ஆடிக் காத்து வேற இருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கேயிருந்து வருது. கோர்ட்டைப் பெரும்பாலும் வடக்குத் தெற்காத்தான் போடுவாங்க, அதனால காத்து குறுக்கே அடிச்சுக் கடைசி நேரத்தில் பந்தைத் தள்ளிரும். பந்து கிட்ட வந்த பிறகும் சின்னச் சின்ன எட்டா வெச்சுக்கிட்டே இருங்க. சர்வீஸ் போடும்போது பந்தை அதிகம் உயரத் தூக்காதீங்க. விலகிப் போனா மட்டையை வீசாமக் கையில் பிடிச்சுக்கிட்டு மறுபடி தூக்கலாம், விதியிலேயே இடமிருக்கு.

டீ டம்ளரைத் தூக்கும்போதே சுருக்குன்னு வலிச்சா ஆட்டத்தை நிறுத்திட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. ஆடும்போது மட்டும் வலிச்சா, வர்ற வாரம் பச்சைப் பந்தைக் கேட்டு வாங்கி, நெட்டுக்கும் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த 21 அடிக்குள்ளயே மெதுவா ஆடுங்க.

அன்புடன்,
உங்கள் தம்பி