கையேட்டில் போட முடியாத நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போர்வெல் மோட்டாருக்கான புதிய கையேடு அச்சாகி, பம்ப் பெட்டிக்குள் போக ஆரம்பித்துவிட்டது. வேறு புத்தகம் என்றால் முன்பக்கத்தில் நன்றியுரை போடலாம். பம்ப் கையேட்டில் எழுதியவன் பெயரே வராது, உதவியவர்கள் பெயர் எங்கே வரப்போகிறது? அதனால் இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். சரி, வேலையைச் சொன்னாலே யார் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் பொள்ளாச்சிப் பக்கத்து ஃபிட்டர் அண்ணனுக்கு. டிசைன் பிரிவு தந்த குறிப்பில் ‘மோட்டாரில் சுத்தமான தண்ணீர் நிரப்பவும்’ என்று ஒரே வரிதான் இருந்தது. அண்ணன் என்னைத் தோட்டத்துக்கே கூட்டிப் போய் அந்த ஒரு வரியைச் செய்து காட்டினார். மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி, மூடியைக் கழற்றி, மெதுவாக ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை காத்திருந்து, லேசாக ஆட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். இந்த வகை மோட்டாரில் பேரிங் வழுக்கிச் சுற்றுவதும் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று) சூடாகாமல் இருப்பதும் அந்தத் தண்ணீரால்தான். போர்வெல் ஓரத்தில் ஆட்கள் கயிறும் கிளாம்புமாக நிற்கும்போது யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இருக்காது. பாதி ஊற்றி இறக்கிவிடுவார்கள், பிறகு பேரிங் போனதும் பழி கம்பெனி மேல் விழும். அந்த ஒரு வரி இப்போது படத்தோடு ஒரு முழுப் பக்கம். ‘கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது’ என்பதைப் படித்ததும் அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டு, எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்.

சர்வீஸ் சென்டர் மேடத்துக்கு நான் பட்ட கடன் பெரியது. கருகி வந்த மோட்டார்களின் புகார்ச் சீட்டுகளை உட்கார வைத்துப் படிக்கக் கொடுத்தார். விவசாய லைனில் மூன்று பேஸும் எப்போதும் கிடைப்பதில்லை. மற்ற நேரத்தில் கண்டென்சர் போட்டு டூ பேஸில் ஓட்டுவது ஊரறிந்த விஷயம். அப்படி ஒன்று நடப்பதே தெரியாதது போலத்தான் நம் கையேடுகள் பேசும். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டில் ஆம்ப்ஸ் ஏறும், காயில் கருகும். தடுப்பதற்குத்தான் பேனலில் சிங்கிள் பேஸிங் பிரிவெண்டர் இருக்கிறது; ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி அது. அது அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று அதையே பைபாஸ் செய்துவிடுகிறார்கள். ‘செய்யாதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள், ட்ரிப் ஆனால் முதலில் எதைப் பார்ப்பது என்று எழுதுங்கள் என்றார் மேடம். கையேட்டிலேயே உருப்படியான பக்கம் அதுதான் என்பது என் கருத்து.

ஆய்வுக்கு அனுப்பினால் ‘ஓகே’ என்று ஒரு சொல்லில் திருப்பி அனுப்பும் இன்ஜினியர்களை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படியில்லை. மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், ஆனால் குறைவாக வரும். அதனால் பலருக்கு அது தெரிவதே இல்லை. மெயினை அணைத்துவிட்டு ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார், எந்தப் பக்கம் தண்ணீர் அதிகமோ அதுதான் சரி என்று அவர் சொல்லித்தான் அந்தப் பகுதியே வந்தது. நீர்மூழ்கி பம்புக்கும் அதன் மோட்டாருக்குமான இந்தியத் தர விதிகள் ஐஎஸ் 8034, ஐஎஸ் 9283 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலகையும் சரிபார்த்தார்.

விமானப் பராமரிப்புக் கையேடுகள் எழுதிப் பழகிய என் சீனியர் அக்காவுக்கும் நன்றி. எளிய ஆங்கிலத்தில் கையேடு எழுத அந்தத் துறை வைத்திருக்கும் ஏஎஸ்டி-எஸ்டிஇ100 விதிப்படி, செய்முறையில் ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். தமிழில் 20 சொல்லே நீளம் என்று சொல்லி, இன்னும் குறைக்க வைத்தார். முன்னால் குவித்து வைத்திருந்த எச்சரிக்கைகளைப் பிரித்து, அந்தந்த வேலைக்கு நேர் மேலே வைத்தவரும் அவரே. உயிர் போகும் இடத்தில் மட்டும் ‘அபாயம்’, மற்றதற்கு ‘எச்சரிக்கை’ அல்லது ‘கவனம்’. எல்லாவற்றுக்கும் அபாயம் போட்டுப் பழகிய சட்டப் பிரிவோடு சண்டை போட்டு வாங்கினார்.

படம் வரைந்த தம்பி, போட்டோவே போதும் என்றவர்களிடம் ஒற்றை வண்ண அச்சில் போட்டோ எப்படிக் கறுத்துப் போகும் என்று பிரிண்ட் எடுத்தே காட்டினார்.

அப்புறம், உடுமலைப்பேட்டை டீலர் ஐயா. பெட்டியைப் பிரித்ததும் கையேடு அட்டையோடு சேர்ந்து போய்விடும், முக்கியமானதை ஒரு தாளில் அடித்துப் பேனல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள் என்றார். ஒட்டியாகிவிட்டது. கையேட்டை விட அந்தத் தாள்தான் அதிகம் படிக்கப்படும் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆட்டோ ஸ்டார்ட்டர் பகுதி இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்; அந்த நேரத்தில் யாராவது பேனலில் கை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த பதிப்புக்கு அதற்காகவே உங்களைத் திரும்பத் தொந்தரவு செய்வேன். ஃபிட்டர் அண்ணா, போர்வெல்லில் மோட்டார் இறக்கும் வேலை அடுத்து எங்கே இருந்தாலும் ஒரு போன் போடுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கையேட்டுக்காரன்
கோயம்புத்தூர்